குளிர்பெட்டிக்குள் வௌவால், ஹீட்டர் மேல் இட்லி மாவு

1

ஊரில் என்னைப் பற்றி ஒரு பேச்சு நடக்கிறது என்று தம்பி யேசுராஜ் எழுதியிருக்கிறான். ஜெர்மனிக்குப் போயும் நான் வௌவால் கறிதான் தின்கிறேனாம். பிரிட்ஜ் நிறைய அடுக்கி வைத்திருக்கிறேனாம். ஏலாக்குறிச்சியில் ஒரு கல்யாணப் பந்தியில், சோறு போட்டு முடிப்பதற்குள் எதிர் வரிசையில் இருந்த ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஏம்ப்பா யேசுராசு, ஒங்க அக்கா சீமைக்குப் போயும் பழச மறக்கலயாமே?" வரிசையே சிரித்திருக்கிறது. தம்பி பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டான். "என்ன பதில் சொல்றதுன்னு தெரியல அக்கா, நீயே சொல்லு" என்று கடிதத்தை முடித்திருக்கிறான்.

சொல்கிறேன். பிரிட்ஜில் வௌவால் இருப்பது உண்மை. தின்பது பொய். பழசை மறக்கவில்லை என்பதும் உண்மைதான், ஆனால் அவர் சிரித்த அர்த்தத்தில் அல்ல. மூன்றையும் வரிசையாக எழுதுகிறேன். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவளுக்கு வரிசை தப்பினால் கை ஓடாது.

இந்தப் பேச்சை ஊருக்குக் கொண்டுபோனவர் யார் என்பதும் தெரியும். என் கணவர் அந்தோணிக்குப் பெரம்பலூர். அவருடைய சித்தப்பா மகன் அருள்தாஸ் சரக்குக் கப்பலில் எலக்ட்ரீஷியன். கப்பல் ஹாம்பர்க்கில் நின்றபோது ரயில் ஏறி எங்களைப் பார்க்க வந்தார். வந்தவர் தண்ணீர் குடிக்க பிரிட்ஜைத் திறந்தார். கீழ்த்தட்டில் சுருக்குப் போட்ட துணிப்பைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு.

"அண்ணி, இது என்ன சுருக்குப்பை? வெத்தல பாக்கா?"

"தொடாதீங்க தம்பி. தூங்குது."

"எது தூங்குது?"

"வௌவாலு."

அவர் பிரிட்ஜ் கதவை மிக மெதுவாகச் சாத்தினார். பிறகு எங்கள் முன்னறையைப் பார்த்தார். அங்கே ஹீட்டர் மேல், கம்பளியில் சுற்றிய பாத்திரத்தில் இட்லி மாவு புளித்துக்கொண்டிருந்தது. இங்கே குளிர்காலத்தில் மாவு வெளியே வைத்தால் புளிக்காது.

"ஏண்ணே," என்று அந்தோணியிடம் கேட்டார், "மாவ எடுத்து பிரிட்ஜில வெச்சி, வௌவால எடுத்து வெளிய வெக்கிறதுதானே மொறை? இந்த வூட்ல எல்லாம் தலகீழா இருக்கே."

"வௌவால் வூடுன்னா தலகீழாத்தாண்டா இருக்கும்" என்றார் என் கணவர். அன்று இரவு அருள்தாஸ் இட்லி ஒன்பது சாப்பிட்டார், தண்ணீர் குடிக்கவில்லை. போகும்போது பிரிட்ஜ் பக்கம் கும்பிடு போட்டுவிட்டுத்தான் போனார். அவர் கெட்டவர் இல்லை. கண்டதைச் சொல்லியிருப்பார். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் தொடங்கியது ஏலாக்குறிச்சி போய்ச் சேர்வதற்குள் கறியாகிவிட்டது.

2

எதற்காகப் பிரிட்ஜ் என்று கேட்பீர்கள். அரியலூர்க்காரருக்குக் குளிர் என்றால் மார்கழிப் பனி. காதில் ஒரு துண்டைக் கட்டினால் தீர்ந்தது. இங்கே குளிர்காலம் வந்தால் பூச்சி என்ற ஒன்றே இருக்காது. பூச்சி இல்லையென்றால் பூச்சி தின்னும் வௌவாலுக்குச் சாப்பாடு இல்லை. அதனால் அது இலையுதிர் காலத்தில் தின்று கொழுத்து, ஒரு இடுக்கில் புகுந்து, உடம்பைச் சுவர் அளவுக்குக் குளிரவிட்டு, வசந்தம் வரை உறங்குகிறது. நாம் இரவில் தூங்குவது போல அல்ல. தொட்டால் கல் மாதிரி இருக்கும். மூச்சு இருக்கிறதா என்று சந்தேகம் வரும். உடம்பில் சேர்த்த கொழுப்பைச் சிறுகச் சிறுகச் செலவழித்து மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கிற கணக்கு அது.

முன்பு மரப்பொந்திலும் பாறையிலும் உறங்கியவை இப்போது நகரத்துக்கு வந்துவிட்டன. கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டிய மாடி வீடுகளில், பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடுக்கு இருக்கும். வௌவாலுக்கு அது பாறைப் பிளவு. அதற்குள் நூற்றுக்கணக்கில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். யாராவது ஜன்னலை மாற்றினாலோ, சுவரைத் துளைத்தாலோ கலைந்து வீட்டுக்குள்ளும் மாடிப்படியிலும் விழும்.

எங்கள் வீட்டு மாடிப்படியில் அப்படி விழுந்த முதல் வௌவாலைக் கண்டெடுத்தவர் என் கணவர். நான் வேலைக்குப் போயிருந்தேன். அவர் பெரம்பலூர்க்காரர் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்தார். ஐயோ, குளிரில் விறைத்துவிட்டதே என்று துண்டில் சுற்றி ஹீட்டர் மேல் வைத்தார். பழம் தின்னும் என்று வாழைப்பழத்தைப் பிசைந்து சிறு தட்டில் வைத்தார். நான் வந்தபோது அது விழித்துக்கொண்டு அறை முழுக்கப் பறந்துகொண்டிருந்தது. அவர் குடையை விரித்துப் பிடித்து நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"பழம் வெச்சேன், திங்க மாட்டேங்குது."

"இது பூச்சி திங்கிற ஜாதிங்க. நம்மூரு கோயில்ல தொங்குமே துரிஞ்சில், அது மாதிரி."

"அத முன்னாடியே சொல்லக் கூடாதா? ரெண்டு பழம் வீணாப் போச்சி."

அவர் காட்டிய அன்புதான் அதற்கு ஆபத்து. நடுக்குளிரில் ஒருமுறை சூடாகி விழித்தால், பல வாரத்துக்கு வைத்திருந்த கொழுப்பை அது எரித்துவிடும். வெளியே விட்டால் தின்ன ஒன்றும் இல்லை. அப்படி விழித்துவிட்ட வௌவாலுக்கு ஒரே வழிதான்: மாவுப்புழுவை ஊட்டி எடை ஏற்றி, துணிப்பையில் போட்டு, ஈரப் பஞ்சோடு குளிரான இடத்தில் வைத்து மறுபடி உறங்கவிடுவது. அந்தக் குளிரான இடம்தான் பிரிட்ஜ்.

இதை எனக்குச் சொன்னவள் ரெனாட்டே. என் வயதுதான். பல்கலைக்கழகத்தில் வௌவால் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள், விலங்கு மருத்துவமனைச் சுவரில் தன் தொலைபேசி எண்ணை ஒட்டி வைத்திருந்தாள். அவளிடம் வௌவால் பற்றிய படிப்பு இருந்தது. நல்ல தராசு இல்லை. என்னிடம் தராசும் அளவுகோலும் பழகிய கையும் இருந்தன. வௌவால் கடித்தாலும் வெறிநோய் வரலாம் என்பதால் நாய்க்கடி ஊசி போட்டுக்கொண்டு, தோல் கையுறை மாட்டிக்கொண்டு, மூன்று குளிர்காலமாக இருவரும் சேர்ந்து செய்கிறோம். விழுந்ததை எடுப்பது, எடை போடுவது, முன்கை எலும்பை அளப்பது, சிறகில் கிழிசல் பார்ப்பது, ஊட்டுவது, உறங்க வைப்பது, வசந்தத்தில் மறுபடி எடை போட்டுப் பறக்கவிடுவது. எந்தக் கட்டடத்தில், எந்தத் திசைச் சுவரில், எவ்வளவு குளிரில் அவை இடம் மாறுகின்றன என்று அவள் எழுதும் ஆய்வில் பாதி அளவுகள் நான் எடுத்தவை. வீட்டில் கறி சமைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். அது கோழி.

3

பழசு என்று பந்தியில் சிரித்தாரே, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஆட்கள் வௌவால் தின்றார்கள். கொள்ளிடக் கரை இலுப்பைத் தோப்பில் பழந்தின்னி வௌவால்கள் தொங்கும். அறுவடைக் கூலி முடிந்து, அடுத்த வேலை வராத மாதங்களில் என் அப்பாவும் மற்றவர்களும் இரண்டு மூங்கிலுக்கு நடுவே வலை கட்டிப் பிடிப்பார்கள். நிலம் இல்லாதவர்களுக்கு அந்தத் தோப்பில் இருந்த ஒரே பங்கு அதுதான். அரியலூரில் பள்ளி விடுதியில் சேர்ந்த முதல் வாரமே எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள், வௌவால் மேரி என்று. என் பாய்க்குப் பக்கத்தில் பாய் விரிக்க மாட்டார்கள். நாற்றம் வருகிறதாம். விடுதியில் நான் குளித்த தண்ணீரும் அவர்கள் குளித்த தண்ணீரும் ஒரே குழாயில் வந்தவை.

ஆனால் அதே கறிக்கு இன்னொரு வழியும் இருந்தது. இழுப்புக்கு வௌவால் கறி நல்லது என்று ஊரில் ஒரு நம்பிக்கை. நிலக்காரர் வீட்டுப் பெரியவருக்கு மூச்சு இழுத்தால், பொழுது சாய்கிற நேரத்தில் அவர்கள் வீட்டு ஆள் தூக்குச்சட்டியோடு எங்கள் தெருவுக்கு வருவார். சட்டியை வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார். அம்மா குழம்பை ஊற்றிக் கொடுப்பாள். அந்த வீட்டுப் பெண்ணும் என்னோடு அதே விடுதியில் இருந்தாள்.

ஒருநாள் சாப்பாட்டு வரிசையில் அவள் மூக்கைப் பிடித்தாள். நான் சத்தம் போடவில்லை. "ஒங்க தாத்தாவுக்கு இப்ப இழுப்பு எப்படி இருக்கு? கொழம்புல காரம் சரியா இருந்துச்சான்னு அம்மா கேக்கச் சொன்னாங்க" என்று கேட்டேன். விடுதிக் கண்காணிப்பாளர் என்னை வெளியே நிற்க வைத்தார். நின்றேன். பெயர் மாறவில்லை. ஆனால் அதன் பிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

என் மகள் ஜெசிக்கு ஏழு வயது. இங்கே பள்ளியில் அவளிடம் ஒரு பையன் கேட்டிருக்கிறான், உங்கள் ஊரில் வௌவாலைத் தின்பார்களாமே என்று. நான் வீட்டில் சொன்ன பழைய கதையை அவளே வகுப்பில் உளறியிருக்கிறாள். வந்து அழுதாள். நான் தமிழில் கேட்டால் அவள் ஜெர்மனில் பதில் சொல்வது வழக்கமாகிவிட்டது. அன்றும் அப்படித்தான்.

"ஆமா, சாப்பிட்டோம்னு சொல்லு. பசிச்சிச்சி, சாப்பிட்டோம்."

"சொல்ல மாட்டேன். அசிங்கம்."

"எது அசிங்கம்? பசியா, கறியா?"

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நான் தமிழில் பேசினேன். இதற்கு என்னிடம் வரிசை எதுவும் இல்லை.

4

இனி நடந்ததைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் அப்போது இருந்தது மருத்துவமனை ஊழியர்களுக்கான எட்டு மாடிக் குடியிருப்பு. வேலை மருத்துவமனையில், வீடு மருத்துவமனையுடையது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் எங்கள் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க மருத்துவமனை தரும் வேலைச் சான்று வேண்டும். ஆக, வேலை போனால் வீடு போகும், வீடும் வேலையும் போனால் நாடு போகும். மூன்றும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தன. அந்தக் கயிற்றின் நுனி நிர்வாகி திரு. கெல்லர் கையில் இருந்தது. என் ஒப்பந்தம் அந்த ஜூன் மாதம் முடிய இருந்தது.

வடக்குச் சுவரில், மேல் மாடிகளின் பலகை இடுக்கில் வௌவால் கூட்டம் இருப்பது எனக்கு முதல் குளிர்காலத்திலேயே தெரியும். குளிர் கொஞ்சம் குறைகிற மதியங்களில், எட்டாம் மாடிப் படிக்கட்டு ஜன்னலைத் திறந்தால் சுவருக்குள்ளிருந்து சன்னமாகக் கிறீச்சிடும் சத்தம் வரும். ஜனவரியில் ஒருநாள் வேலை முடிந்து வருகிறேன், அந்தச் சுவரில் சாரம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வீடுகளுக்குள் காற்று புகுகிறது என்று புகார் வந்ததாம். இடுக்குகளுக்குள் நுரையைப் பீய்ச்சி அடைக்கப் போகிறார்களாம். அந்த நுரை சற்று நேரத்தில் கட்டையாக இறுகிவிடும். உள்ளே உறங்கும் வௌவால் விழித்துச் சூடேறிப் பறக்க அரை மணி நேரமாவது ஆகும். அதாவது எதுவும் வெளியே வராது.

கெல்லரைப் போய்ப் பார்த்தேன். கோடை வரை தள்ளிப்போடச் சொன்னேன். முடியாவிட்டால் மேலே இரண்டு பலகை உயரத்தை, அதாவது கடைசி இரண்டு மாடியை, மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடைக்கச் சொன்னேன். கூட்டம் இருப்பது அங்கேதான், புகார் வந்ததோ கீழ் மாடிகளிலிருந்து.

"ஃபிராவ் மேரி, நீங்கள் இரத்தத்தைப் பாருங்கள். கட்டடத்தை நான் பார்க்கிறேன்" என்றார். ஃபிராவ் என்றால் இங்கே திருமதி.

"சட்டம் வௌவாலைக் காப்பாற்றுகிறது."

"சட்டம் என் கட்டடத்தில் வௌவால் இருக்கிறது என்று சொல்லவில்லை. நீங்கள் சொல்கிறீர்கள்." பிறகு மேசையில் இருந்த ஒரு கோப்பை நகர்த்தி வைத்தபடி, "உங்கள் ஒப்பந்தம் ஜூனில் புதுப்பிக்க வருகிறது, இல்லையா?" என்றார். குரலில் கோபமே இல்லை. வானிலை கேட்பது போல் கேட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அந்தோணி சாப்பிடுவதை நிறுத்தினார்.

"வுட்டுடு மேரி. பிரிட்ஜில இருக்கிறத மட்டும் பாரு. சொவத்துல இருக்கிறதுக்கு நாம பொறுப்பா?"

"தெரிஞ்சிப் போச்சே. தெரியாம இருந்தா பொறுப்பில்ல."

"பெரம்பலூர்ல எங்கப்பா இன்னும் வாடகை வூட்ல இருக்காரு. புள்ள பள்ளிக்கூடம் இங்க இருக்கு. அத நெனச்சிப் பாத்தியா?"

"நெனச்சிப் பாத்தேன். அப்பவும் சொவத்துக்குள்ள அதுங்க இருக்கு."

"ஒன்கிட்டப் பேசி ஜெயிக்க முடியாது" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். அது சம்மதம் இல்லை.

5

என் அப்பா பிற்பாடு வயல் கூலியை விட்டுவிட்டு அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் வெடிக்காரராக வேலை பார்த்தார். குவாரியில் ஒரு வழக்கம் உண்டு. திரிக்கு நெருப்பு வைக்கிறவர்தான் பள்ளத்தைச் சுற்றி வர வேண்டும். எல்லாம் காலி என்று வேறு யாராவது சொன்னால் அது செல்லாது. மேஸ்திரி சொன்னாலும் செல்லாது, முதலாளி ஜீப்பில் வந்து சொன்னாலும் செல்லாது. நெருப்பு யார் கையில் இருக்கிறதோ அவர் கால் நடந்திருக்க வேண்டும், அவர் கண் பார்த்திருக்க வேண்டும். நேரமாகிறது என்று திட்டுவார்கள். அப்பா காதில் வாங்காமல் நடப்பார். மதியம் அவருக்குச் சோறு கொண்டுபோகும் நாட்களில் மேட்டில் நின்று பார்த்திருக்கிறேன். அந்த வேலையில் எனக்குப் பிடித்தது வெடி அல்ல, அதற்கு முன்னால் அவர் நடக்கிற அந்த நடை.

நுரை அடிக்கும் நாள் காலை எனக்கு விடுப்பு நாள். ரெனாட்டேயிடம் தொலைபேசியில் சொன்னேன். அவள் நகராட்சியின் இயற்கைப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு டிராம் ஏறினாள். நான் சாரத்தில் ஏறினேன். இரண்டு வேலையாட்கள் நுரைக் குழாயோடு ஏழாம் மாடி உயரத்தில் இருந்தார்கள். அவர்களிடம் மரியாதையாகச் சொன்னேன், உங்கள் நிர்வாகி வந்து பார்க்கும் வரை தொடங்காதீர்கள் என்று. கெல்லரை வரவழைத்தார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"இறங்குங்கள், ஃபிராவ் மேரி."

"நீங்கள் ஏறுங்கள். அடைக்கச் சொல்கிறவர் முதலில் பார்க்க வேண்டும்."

ஏறினார். அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். நல்ல கோட்டும் நல்ல காலணியுமாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார். சாரம் கட்டிய அதிர்ச்சியில் சில வௌவால்கள் ஏற்கெனவே விழித்திருந்தன. அவர் சுவரில் காதை வைத்தார். உள்ளே கிறீச்சிட்டது. அவருக்குக் கேட்டது என்பது முகத்தில் தெரிந்தது.

"ஏதோ சத்தம் இருக்கிறது. சரி. நுரை பட்டால் பறந்து போய்விடும்."

"போகாது. செத்துப்போகும். இப்போது உனக்குத் தெரியும்."

ஜெர்மன் மொழியிலும் நீ, நீங்கள் உண்டு. பல வருடமாக ஒருமுறைகூடத் தப்பாத 'நீங்கள்', அந்த ஒரு வாக்கியத்தில் 'நீ' ஆகிவிட்டது. அவர் முகம் சிவந்தது. வௌவாலைவிட அதுதான் அவரைச் சுட்டது. மன்னிப்புக் கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

"தொடங்குங்கள்" என்று வேலையாட்களிடம் சொல்லிவிட்டு இறங்கினார்.

நான் சாரப் பலகையில், இடுக்குக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தேன். வேலையாட்களில் மூத்தவர் குழாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்குச் சுவரில் அடிக்கத்தான் சம்பளம், பெண்கள் மேல் அடிக்க இல்லை" என்று கீழே பார்த்துக் கத்திச் சொல்லிவிட்டு, காப்பி குடிக்கப் போனார். மற்றவரும் போனார். கெல்லர் கீழே நின்றார். குடியிருப்பு ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. குளிர் முழங்கால் வழியாக ஏறியது.

கொஞ்ச நேரத்தில் கீழே அந்தோணி, கையைப் பிடித்தபடி ஜெசி.

"மேரி, கீழ எறங்கு. ஊரே பாக்குது."

"பாக்கட்டும். அதுக்குத்தானே ஒக்காந்திருக்கேன்."

"கை வெறச்சிப் போயிடும்மா. நாளைக்கி ஊசி புடிக்கிற கை."

"கையுறை கொண்டாந்தீங்களா?"

"கொண்டாந்திருக்கேன்" என்றார்.

"அப்ப மேல வாங்க."

வாழ்க்கையில் ஏணியே பிடிக்காத மனிதர். பல்லைக் கடித்துக்கொண்டு, பெரம்பலூரில் உள்ள எல்லா மாதாவையும் கூப்பிட்டுக்கொண்டு ஏறினார். கையுறை, பிளாஸ்கில் டீ, என் பழைய கம்பளி. எல்லாவற்றையும் கொடுத்தார். கொடுத்தவர் இறங்கவில்லை. என் பக்கத்தில் அவரும் இடுக்குக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார்.

"நீங்க போங்க. ஒங்க பேரும் கெட்டுடும்."

"எறங்கறதுக்குப் பயமா இருக்கு. வாய மூடிட்டு டீயக் குடி."

கீழே கெல்லர் ஜெசியிடம் குனிந்து ஏதோ கேட்பது தெரிந்தது. அவள் என்ன சொன்னாள் என்பது எனக்குக் கேட்கவில்லை. அவர் நிமிர்ந்து உள்ளே போனார். என்ன சொன்னாய் என்று பிறகு பலமுறை கேட்டுவிட்டேன். அது எனக்கும் அவருக்கும் நடந்த பேச்சு என்கிறாள். ஜெர்மனில்தான் சொல்கிறாள்.

மதியத்துக்கு மேல் ரெனாட்டே, அலுவலக அதிகாரி ஒருவரோடு வந்தாள். அவர் ஏறினார், கேட்டார், விளக்கடித்துப் பார்த்தார். வௌவால்கள் வெளியேறும் வரை வேலை நிறுத்தம் என்று அங்கேயே எழுதிக் கொடுத்தார். சாரத்தை மட்டும் பிரிக்கலாம். வௌவால்களுக்குத் தங்கும் அனுமதி ஒரே மதியத்தில், கட்டணம் இல்லாமல், போட்டோ கேட்காமல் கிடைத்தது. எனக்கு அதற்கு எத்தனை வரிசையில் நிற்க வேண்டியிருந்தது என்பதை இங்கே எழுதினால் பக்கம் போதாது.

6

விலை இல்லாமல் போகவில்லை. அடுத்த வாரம் கெல்லர் கூப்பிட்டார். கட்டட விஷயங்களில் இனித் தலையிட மாட்டேன், நடந்ததற்கு வருந்துகிறேன் என்று ஒரு தாள் தட்டச்சு செய்து வைத்திருந்தார். கையெழுத்துப் போட்டால் ஒப்பந்தம் நீட்டிக்கப்படும். படித்தேன். பிழை எதுவும் இல்லை. திருப்பிக் கொடுத்தேன்.

"யோசித்துப் பாருங்கள்."

"யோசித்துவிட்டுத்தான் ஏறினேன்."

வேறு வேலை தேடினேன். பதில் வராத விண்ணப்பங்கள் பல. நேர்முகத்தில், நீங்கள் எவ்வளவு காலம் இங்கே இருப்பதாக உத்தேசம் என்று கேட்டார்கள். வௌவாலிடம் அப்படிக் கேட்பதில்லையே என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை. கடைசியில் நகரத்தின் மறுகோடியில் ஒரு இரத்த வங்கியில் வேலை கிடைத்தது. சம்பளம் கொஞ்சம் குறைவு. வீடு இன்னும் சிறியது. அனுமதி ஒரு வருடத்துக்கு மட்டும். அந்தோணி மூட்டை கட்டினார். பிரிட்ஜைத் தூக்குவதற்கு முன்னால் உள்ளே யாரும் இல்லையே என்று இரண்டு தடவை கேட்டார். யாரும் இல்லை. எல்லாவற்றையும் ஏப்ரலிலேயே விட்டுவிட்டோம்.

7

ஜூன் மாதம் அந்தச் சுவரில் மறுபடி சாரம் ஏறியது. இடுக்கின் நிலவரத்தை வௌவால் அறிந்த ஒருவர் பார்த்து எழுதித் தந்தால்தான் அடைக்கலாம் என்று இயற்கைப் பாதுகாப்பு அலுவலகம் சொல்லியிருந்தது. அவர்கள் ரெனாட்டேயைக் கேட்டார்கள். அவள் வேலையாக மலைப்பகுதிக்குப் போயிருந்தாள். மேரியை அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டாள்.

போனேன். கெல்லர் சாரத்தின் அடியில் ஒரு தாளோடு நின்றார். 'இடுக்கு காலியாக உள்ளது, முழுவதும் அடைக்கலாம்' என்று அவரே தட்டச்சு செய்து, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார். வணக்கம் சொன்னார். நானும் பழையபடி 'நீங்கள்' போட்டே வணக்கம் சொன்னேன். ஏறினேன். ஒவ்வொரு மாடியாக, விளக்கடித்து, சிறிய கண்ணாடியை உள்ளே நீட்டிப் பார்த்தேன். கீழே ஆறு மாடி வரை ஒன்றும் இல்லை. அதற்கு மேலே, எச்சம் மினுங்கும் மேல் பலகைகளின் நடுவே, ஒரே ஒரு ஆண் வௌவால். கோடையில் ஆண் வௌவால்கள் இப்படித் தனியாகத் தங்கும். அதைச் சுற்றி, குளிர்காலக் கூட்டம் ஒட்டிக் கிடந்த இடம் எண்ணெய் தடவியது போல் கறுத்துப் பளபளத்தது. அவ்வளவு கறுப்பு ஏற எத்தனை குளிர்காலம் ஆகியிருக்கும் என்று தெரியவில்லை.

இறங்கி வந்து, அவருடைய வாக்கியத்தை ஒரு கோடு போட்டு அடித்தேன். கீழே என் கையெழுத்தில் எழுதினேன்: காலியாக இல்லை. இது குளிர்கால உறைவிடம். மேலே இரண்டு பலகை உயரம் திறந்திருக்க வேண்டும். அதற்குக் கீழே அடைக்கலாம்.

அவர் படித்தார். "எத்தனை இருக்கிறது?"

"இன்றைக்கு ஒன்று."

"ஒன்றுக்காகவா?"

"ஒன்று இருந்தால் காலி இல்லை."

"நான் கேட்டது இது இல்லை, ஃபிராவ் மேரி."

"நீங்கள் கேட்டது இல்லை. அங்கே இருப்பது."

பேனாவை மூடிக் கைப்பைக்குள் போட்டேன். அவர் தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி படித்தார். வேலையாட்கள் குழாயோடு காத்திருந்தார்கள். வேறு தாள் அவரிடம் இல்லை. கடைசியில் அண்ணாந்து பார்த்து, "ஆறாம் மாடி வரை" என்று அவர்களிடம் சொன்னார்.

தம்பி யேசுராஜுக்கு: அடுத்த பந்தியில் எழுந்து போகாதே. உட்கார்ந்து முழுக்கச் சாப்பிடு. மோர் வரை சாப்பிடு. கேட்டால், ஆமாம், பழசை மறக்கவில்லை என்று சொல். இந்தக் குளிர்காலமும் அந்த வடக்குச் சுவரின் மேல் இடுக்கு நிறைந்திருக்கிறது. நேற்றுப் போய் எட்டாம் மாடி ஜன்னலில் காது கொடுத்துக் கேட்டுவிட்டு வந்தேன்.